ஒரே ஸ்டேஷன், நாலு கம்பெனி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பான் சுற்றுலா பற்றி வந்த கட்டுரை, "ஜே.ஆர். பாஸ் ஒன்றை ஊரிலேயே வாங்கிவிட்டால் போதும், எந்த ரயிலிலும் ஏறலாம்" என்று சொல்கிறது. (ஜே.ஆர். என்பது ஜப்பான் ரயில்வேஸ்; பாஸ் என்பது இத்தனை நாள் என்று அதன் வண்டிகளில் இஷ்டம்போல் போய்வர ஒரே டிக்கெட்.) ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென் என்றும் போட்டிருக்கிறது. விலை பழையது. 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. 14 நாள் பாஸ் 80,000, 21 நாள் பாஸ் ஒரு லட்சம். விலையைத் திருத்திப் போட்டுவிடலாம். "எந்த ரயிலிலும்" என்ற வார்த்தைதான் ஆபத்து. அதை நம்பி வருகிறவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே மாட்டிக்கொள்வார்கள்.

முதலில் பாஸ் கணக்கு. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி புல்லட் ரயிலில் ரிசர்வ் சீட்டுக்கு ஏறக்குறைய 14,000 யென். போக வர 28,000. ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 40,000-ஐ ஒட்டித்தான் வரும். டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ பார்த்து, ஒசாகாவிலிருந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒருவழிக் கட்டணம் மட்டுமே செலவு. இதற்கு 50,000 யென் பாஸ் என்பது தண்டம். போதாக்குறைக்கு, பாஸ் கையில் இருந்தாலும் நொசோமியில் ஏற டோக்கியோ–கியோட்டோ தூரத்துக்கே கிட்டத்தட்ட 5,000 யென் தனியாகக் கட்ட வேண்டும். ஒரே வாரத்தில் தெற்கே ஃபுக்குவோகா, வடக்கே செண்டாய் என்று ஓடுகிறவர்களுக்குத்தான் பாஸ் கட்டுப்படியாகும். பேக்கேஜில் பாஸையும் சேர்த்து விற்கும் ஏஜென்டிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஜப்பானில் ரயில் என்பது ஒரு நிர்வாகம் அல்ல. அரசு ரயில்வேயை 1987-இல் பிரித்ததில் பிறந்தவைதான் ஜே.ஆர். கம்பெனிகள். அவற்றுக்கு வெளியே கெய்சேய், கெய்கியூ, ஒடாக்கியூ, நன்காய், ஹன்க்யூ என்று தனியார் ரயில்கள் ஏராளம். டோக்கியோவின் சுரங்க ரயில்கூட இரண்டு நிர்வாகம்: டோக்கியோ மெட்ரோவுக்கு 9 லைன், மாநகர அரசின் டோயேவுக்கு 4. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கட்டணம் புதிதாகத் தொடங்கும், சிறு தள்ளுபடியோடு. பயணிகள் சிக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் இந்த எல்லைக்கோடுகள்தான். எனவே ஒவ்வொரு முறையும் முதலில் கேட்க வேண்டியது, "இது யாருடைய வண்டி, என் டிக்கெட் எதுவரை செல்லும்?"

டோக்கியோவின் நரிடா விமான நிலையத்திலிருந்து கிளம்பும் நரிடா எக்ஸ்பிரஸ் ஜே.ஆர். வண்டி, பாஸ் செல்லும். அதே ஸ்டேஷனிலிருந்து போகும் ஸ்கைலைனர் கெய்சேயுடையது, செல்லாது. டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடாவில் மோனோரயிலுக்குச் செல்லும், கெய்கியூவுக்குச் செல்லாது. ஒசாகா பக்கக் கன்சாய் விமான நிலையத்தில் ஜே.ஆரின் ஹருகாவுக்குச் செல்லும், நன்காய் வண்டிகளுக்குச் செல்லாது. டோக்கியோவுக்குள் யமனோடே வட்டப்பாதையில் செல்லும், சுரங்க ரயில் எதற்கும் செல்லாது. பாஸ் இல்லாதவர்கள் ஹோட்டலைப் பார்த்து முடிவு செய்யலாம். உயெனோ, நிப்போரி பக்கம் என்றால் ஸ்கைலைனர். நிப்போரிக்கு 40 நிமிடம்கூட ஆகாது. ஷின்ஜுகு, டோக்கியோ ஸ்டேஷன் பக்கம் என்றால் நரிடா எக்ஸ்பிரஸ்.

இதைவிட நுணுக்கமான சிக்கல், வண்டி மாறாமலே கம்பெனி மாறுவது. டோக்கியோ மெட்ரோவின் டோசாய் லைன் வண்டி நகானோ ஸ்டேஷனோடு முடிய வேண்டியது. ஆனால் பல வண்டிகள் நிற்காமல் ஜே.ஆர். தண்டவாளத்தில் ஏறி மிடாகா வரை போகும். ஜிப்லி அனிமேஷன் பட அருங்காட்சியகம் மிடாகாவில்தான் இருக்கிறது. 24, 48, 72 மணி நேர சுரங்க ரயில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே மிடாகா போய் இறங்கினால் கேட் திறக்காது. நகானோவிலிருந்து மிடாகா வரை ஜே.ஆர். கட்டணத்தை ஸ்டேஷன் ஊழியரிடம் கட்டிவிட்டு வரலாம். அபராதம் எதுவும் இல்லை, பதறவும் வேண்டாம். அந்த மணிநேர டிக்கெட் நல்ல சரக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் கேட்டில் நுழைத்த நிமிடத்திலிருந்து கணக்கு, காலண்டர் நாளிலிருந்து அல்ல. மாலை 4 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மாலை 4 வரை இருக்கிறது. மெட்ரோ, டோயே இரண்டிலும் செல்லும், யமனோடேயில் செல்லாது.

மற்றபடி டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா ஊர்களுக்குள் சுற்ற ஒரு ஐ.சி. கார்டு போதும். டோக்கியோ பக்கம் சுயிகா, பாஸ்மோ; ஒசாகா, கியோட்டோ பக்கம் இகோகா. பெயர் வேறு, வேலை ஒன்று. எந்தக் கார்டும் எல்லாப் பெரிய ஊர்களிலும் செல்லும். இது பாஸ் அல்ல, வெறும் பணப்பை. ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு, கட்டணம் தானாகக் கழியும். மெஷினில் வாங்கும்போது 500 யென் டெபாசிட். அதிகபட்சம் 20,000 யென் வரை ஏற்றி வைக்கலாம். பணம் ஏற்றும் மெஷின்கள் பெரும்பாலும் ரொக்கத்தை மட்டுமே வாங்கும், ஆகவே 1,000 யென் நோட்டுகள் நாலைந்து எப்போதும் கையில் இருக்கட்டும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் வாலட்டிலேயே சுயிகாவைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் அதற்கான சிப் வேலை செய்யாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சில தனியார் ரயில்களிலும் ஒசாகா மெட்ரோவிலும் கிரெடிட் கார்டையே தட்டிப் போகலாம்; அதற்கு நம் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் கிளம்பும் முன்பே ஆன் செய்திருக்க வேண்டும். பலருக்கு இது அங்கே போய்த்தான் தெரிகிறது.

ஐ.சி. கார்டில் மூன்று இடத்தில் இடறுவார்கள். ஒன்று, ஒரே கார்டை இரண்டு பேர் தட்டுவது. அப்பா தட்டி உள்ளே போனதும் அதையே வாங்கி அம்மா தட்டினால் சிவப்பு விளக்குதான். தலைக்கு ஒரு கார்டு கட்டாயம். 6 முதல் 11 வயதுக் குழந்தைக்குப் பாதிக் கட்டணம். அதற்கான குழந்தைக் கார்டை கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே பெரியவர் ஒருவருக்கு இரண்டு குழந்தை இலவசம். இரண்டாவது, தவறான கேட்டில் தட்டி உள்ளே போய்விட்டு, தெரிந்ததும் அதே ஸ்டேஷனில் வெளியே வரப் பார்ப்பது. பல ஸ்டேஷன்களில் கேட் விடாது, கேட்டின் ஓரத்தில் ஊழியர் இருக்கும் ஜன்னலில் கார்டை நீட்டினால் சரிசெய்து தருவார். மொழி வேண்டியதில்லை, கார்டை நீட்டினாலே அவருக்குப் புரியும்.

மூன்றாவதுதான் விவகாரமானது. கார்டு எல்லா ஊரிலும் செல்லும், ஆனால் ஒரு வட்டாரத்தில் தட்டி ஏறி, இன்னொரு வட்டாரத்தில் இறங்க முடியாது. ஃபூஜி மலை தெரியும் மிஷிமாவுக்குக் குறைந்த செலவில் போகலாம் என்று டோக்கியோவில் சுயிகாவைத் தட்டி, சாதாரண ஜே.ஆர். வண்டியில் அடாமியைத் தாண்டினால், மிஷிமா கேட் அந்தக் கார்டை ஏற்காது. அடாமிதான் எல்லை. முழுக் கட்டணத்தையும் ரொக்கமாகக் கட்டிவிட்டு, ஊழியர் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, டோக்கியோ பக்க ஸ்டேஷன் ஒன்றில் கொடுத்துக் கார்டில் நிற்கும் பழைய பதிவை நீக்க வேண்டும். நீக்கும் வரை அந்தக் கார்டு எங்கும் திறக்காது. இந்த மாதிரி நீண்ட தூரத்துக்குக் காகித டிக்கெட்டே வாங்கிவிடுங்கள்.

காகித டிக்கெட்டில் தொகை குறைவாக வாங்கிவிட்டால் கவலை இல்லை. இறங்கும் ஸ்டேஷனில், கேட்டுக்கு உள்பக்கமே, கட்டணம் சரிசெய்யும் மெஷின் இருக்கும். டிக்கெட்டைச் செருகினால் பாக்கி எவ்வளவு என்று காட்டும். போட்டால் புது டிக்கெட் வரும். டோக்கியோ மெட்ரோவில் லைன் மாறுவதற்காகக் கேட்டை விட்டு வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டிய ஸ்டேஷன்கள் உண்டு. அங்கே காகித டிக்கெட்டை ஆரஞ்சு நிறக் கேட்டில்தான் போட வேண்டும். சாதாரணக் கேட்டில் போட்டால் விழுங்கிவிடும். அடுத்த கேட்டில் நுழைய 60 நிமிடம் அவகாசம்.

எந்த வண்டி என்பதைப் பார்ப்போம். ஒரே நடைமேடையில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியும், சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும் ரேபிட் வண்டியும், லிமிடெட் எக்ஸ்பிரஸும் மாறி மாறி வரும். நம் உறவினர்கள் அதிகம் வந்து தங்கும் நிஷி-கசாயே நல்ல உதாரணம். டோசாய் லைனில் ரேபிட் வண்டி டோயோச்சோவை விட்டால் உராயாசுவில்தான் நிற்கும். நடுவில் மினாமி-சுனாமாச்சி, நிஷி-கசாய், கசாய் மூன்றையும் தாண்டிப் போய்விடும். ஓட்டேமாச்சியில் முதலில் வந்த வண்டியில் ஏறிய பெரியவர்கள் ஜன்னல் வழியாக மகன் வீட்டு ஸ்டேஷன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். உராயாசுவில் இறங்கி எதிர்த்திசையில் இரண்டு ஸ்டேஷன் திரும்பி வர வேண்டியதுதான். கியோட்டோவில் ஆயிரக்கணக்கான சிவப்பு வளைவுகளோடு இருக்கும் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போகிறவர்களும் இதேபோல் ஏமாறுவார்கள். ஜே.ஆர். நாரா லைனில் கியோட்டோவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் இனாரி, ஆனால் மியாகோஜி ரேபிட் அங்கே நிற்காது.

மேப்பில் 9:13 வண்டி என்று காட்டினால் 9:13 வண்டியில் மட்டும் ஏறுங்கள். 9:10-க்கு ஒன்று வந்து நின்றால், "சீக்கிரமே வந்துவிட்டது" என்று ஏறாதீர்கள். அந்த ஊரில் வண்டி முன்கூட்டிக் கிளம்பாது. அது வேறு வண்டி. நிமிடம், நடைமேடை எண், போய்ச் சேரும் ஊர், ரகம் ஆகிய நான்கும் பலகையில் ஒத்துப்போக வேண்டும்.

சில வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். ஒசாகாவிலிருந்து கன்சாய் விமான நிலையம் போகும் ஜே.ஆர். ரேபிட்டில் 1 முதல் 4 வரையுள்ள பெட்டிகள்தான் விமான நிலையம் போகும். 5 முதல் 8 வரை ஹினேனோ ஸ்டேஷனில் கழன்று வகாயாமா போய்விடும். விமானத்தைத் தவறவிட இதைவிட எளிய வழி இல்லை. பெட்டி எண்ணைப் பார்த்து ஏறுங்கள். தவறாக ஏறிவிட்டால் ஹினேனோவில் லக்கேஜோடு இறங்கி முன்பக்கம் நடந்துவிடுங்கள்.

ஸ்டேஷன் பெயர்களை நம்பி வழி கேட்பதைவிட எண்ணை நம்புவது மேல். டோக்கியோ சுரங்க ரயிலில் 2004 முதல் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. டோசாய்க்கு டி (T): நகானோ டி-01, நிஷி-கசாய் டி-16, கடைசியில் நிஷி-ஃபுனாபாஷி டி-23. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே திசை சரியா என்று தெரிந்துவிடும். அசாகுசா, அகாசாகா என்று நம் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. சென்சோஜி கோயில் இருப்பது அசாகுசா, கின்சா லைனில் ஜி-19. அகாசாகா ஊரின் மறுபக்கம், சியோடா லைனில் சி-06.

ஒசாகாவில் குழப்பம் தலைகீழ்: ஒரே இடத்துக்குப் பல பெயர். ஜே.ஆர். அந்த இடத்தை ஒசாகா என்கிறது. ஒசாகா மெட்ரோவில் அதுவே உமேடா, ஹிகாஷி-உமேடா, நிஷி-உமேடா என்று மூன்று லைனுக்கு மூன்று ஸ்டேஷன். ஹன்க்யூவும் ஹன்ஷினும் தத்தம் ஸ்டேஷனை ஒசாகா-உமேடா என்கின்றன. எல்லாம் நடை தூரத்தில்தான், நிலத்தடி வழிகளால் இணைந்தவை. ஆனால் புல்லட் ரயில் இவற்றில் எதிலும் நிற்காது. அது ஷின்-ஒசாகாவில் நிற்கும். அங்கிருந்து ஜே.ஆரில் ஒரே ஸ்டேஷன், மிடோசுஜி மெட்ரோவில் மூன்றாவது ஸ்டேஷன்.

புல்லட் ரயில் டிக்கெட் பெரும்பாலும் இரண்டு சீட்டாக வரும்: தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று, வேகத்துக்கும் இருக்கைக்குமான கட்டணம் மற்றொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே நேரத்தில் கேட்டில் செருக வேண்டும். மறுபக்கம் இரண்டும் வெளியே வரும். எடுக்காமல் நடந்துவிடுகிறவர்கள் நிறைய. அடிப்படைச் சீட்டில் "டோக்கியோ 23 வட்டம்" என்று அச்சாகியிருந்தால், அந்த நகர வட்டங்களுக்குள் ஷின்ஜுகு போன்ற எந்த ஜே.ஆர். ஸ்டேஷனிலும் அந்தச் சீட்டைப் போட்டே உள்ளே போகலாம். டோக்கியோ ஸ்டேஷன் வரை தனிக் கட்டணம் கிடையாது. "ஒசாகா நகரம்" என்று இருந்தால் ஷின்-ஒசாகாவிலிருந்து ஒசாகா ஸ்டேஷனுக்கும் அதுவே போதும், ஜே.ஆரிலேயே போகும் பட்சத்தில். மெட்ரோவுக்கு மாற வெளியே வந்தால் சீட்டு கேட்டுக்குள் போய்விடும். ஸ்மார்ட் இ.எக்ஸ். ஆப்பில் எடுக்கும் டிக்கெட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனாலும் இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும், நேரத்தை மாற்றவும் ஆப் வசதியானது. டோக்கியோவிலிருந்து போகும்போதும் திரும்பும்போதும் ஃபூஜி மலை தெரிவது சாதாரண வகுப்பில் இ இருக்கைப் பக்கம். டோக்கியோவை விட்டு முக்கால் மணி நேரத்துக்குள், மேகம் விட்டால்.

நொசோமியில் ரிசர்வ் இல்லாத பெட்டிகள் 1, 2 மட்டுமே. புத்தாண்டு, மே மாதத் தொடக்கத்தின் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்டில் ஓபோன் பண்டிகை ஆகிய நாட்களில் அவையும் இல்லை, முழு வண்டியும் ரிசர்வ். 16 பெட்டி, 400 மீட்டர் நீளம். கியோட்டோவில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். பெட்டி எண் தரையில் எழுதியிருக்கும் இடத்தில் முன்பே நில்லுங்கள், இறங்கும்போது முன்பே கதவுப் பக்கம் வந்துவிடுங்கள்.

லக்கேஜ் பெட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, டோக்கியோ–ஒசாகா–ஹிரோஷிமா–ககோஷிமா பாதைகளில் கடைசி வரிசை இருக்கையைப் "பெரிய பெட்டி இடத்தோடு" சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென். சக்கரம், கைப்பிடி சேர்த்து டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். விமானத்தில் அனுமதிக்கும் 158 சென்டிமீட்டர் பெட்டி தப்பிவிடும். ஆனால் 23 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க ஆள் வேண்டும். அதைவிட ஹோட்டல் வரவேற்பில் கொடுத்து டக்கியூபின் கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்புவதே உத்தமம். டோக்கியோவில் கொடுத்தால் பொதுவாக மறுநாள் கியோட்டோவில் இருக்கும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு செட் துணி மட்டும் கையில்.

டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலின் சாதாரணப் பெட்டிகளில் தின்பண்ட வண்டி 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. சைவர்கள் எதையாவது கட்டிக்கொண்டு ஏறுவது நல்லது. புளியோதரைப் பொட்டலத்தைப் புல்லட் ரயிலில் தாராளமாகப் பிரிக்கலாம், யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மெட்ரோவில் வேண்டாம்.

முழங்கால் வலியுள்ளவர்கள் ஸ்டேஷன் வாசல் எண்ணைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஷின்ஜுகுவுக்கு வாசல்களே 200-க்கு மேல். லிஃப்ட் உள்ள வாசல் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். எந்தப் பெட்டியில் ஏறினால் அது அருகில் வரும் என்பதை டோக்கியோ மெட்ரோ நடைமேடைப் பலகையிலேயே வரைந்திருப்பார்கள். டிஸ்னிலேண்டுக்குப் போகும் கெய்யோ லைன் நடைமேடை டோக்கியோ ஸ்டேஷனுக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்ற நடைமேடைகளிலிருந்து 10, 15 நிமிட நடை. காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை லக்கேஜோடும் குழந்தையோடும் ஏறவே வேண்டாம். இளஞ்சிவப்புக் குறியிட்ட பெட்டி அந்த நேரத்தில் பெண்களுக்கு. இரவு 12 மணியை ஒட்டிக் கடைசி வண்டி. அதைவிட்டால் டாக்சிதான், இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல்.

திரும்பும்போது கார்டில் மிச்சமிருக்கும் பணத்தை ஏதாவது கன்வீனியன்ஸ் கடையில் செலவழித்துவிடுங்கள். பணத்தோடு திருப்பிக் கொடுத்தால் 220 யென் பிடித்துக்கொள்வார்கள். காலியாகக் கொடுத்தால் டெபாசிட் 500 முழுதாக வரும். சுயிகாவை டோக்கியோ பக்க ஜே.ஆரில்தான் திருப்ப முடியும், இகோகாவை ஒசாகா பக்க ஜே.ஆரில். சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் வெல்கம் சுயிகாவுக்கு டெபாசிட் இல்லை, ஆனால் ஆயுள் 28 நாள், மிச்சம் திரும்பாது. சாதாரணக் கார்டு கடைசியாகத் தட்டிய நாளிலிருந்து 10 ஆண்டு உயிரோடு இருக்கும். அடுத்து வரும் சித்தப்பா குடும்பத்துக்குக் கொடுத்தனுப்பலாம். ஐஃபோனுக்குள் மட்டும் மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் பிளாஸ்டிக் கார்டு செத்துவிடும்.

இப்படிக்கு,
தமிழ் வாசகர்கள்,
நிஷி-கசாய், டோக்கியோ